அண்ணாவின் லீவு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதலில் சென்னையில் நாலு நாள், பிறகு லண்டன் ஈஸ்ட்ஹாமில் அண்ணா வீட்டில் ஒரு மாதம், அங்கிருந்து பாரிஸில் மாமி வீட்டுக்கு ஒரு கிழமை. அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் நோ. "மெட்ரோவில் நாங்களாகவே ஏறி ஊர் பார்க்க ஏலுமா? இல்லாவிட்டால் அண்ணாவின் காரைத்தான் நம்பி இருக்க வேணுமா?" என்பது கேள்வி.

ஏலும். அண்ணாவின் காரை நம்பினால் லண்டனில் நீங்கள் பார்க்கப்போவது ஒரு தமிழ்க்கடை, இரண்டு பிறந்தநாள் விழா, ஒரு சாமத்திய வீடு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கே எல்லோருக்கும் வேலை, அதுவும் இரவு வேலை. நான் முதல் தடவை மகன் வீட்டுக்குப் போனபோது பதினாறு நாள் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்து மழையைப் பார்த்தேன். வீட்டில் இருந்து பத்து நிமிட நடையில் ஸ்டேசன் இருந்தது. பதினேழாம் நாள், மகன் வேலைக்கு வெளிக்கிட்டபோது நானும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்னால் போய்விட்டேன். அதற்குப் பிறகு நாலு தடவை போய் வந்திருக்கிறேன், சென்னைக்கு அதைவிடக் கூட. அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு இருக்கிற பயம் நியாயமானது. கிளிநொச்சிக்கு 1990 இல் நின்ற ரயில் 2013 செப்ரெம்பரில்தான் திரும்பி வந்தது. என் இளையவள் அன்றைக்குத்தான் முதன்முதலில் கோச்சியைக் கண்டாள், பத்தொன்பது வயதில். கொழும்பிலாவது மெட்ரோ மாதிரி ஒன்று வந்திருந்தால் பழகியிருப்போம். ஜப்பான் உதவியோடு தொடங்கவிருந்த இலகு ரயில் திட்டத்தை 2020 இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே எங்கள் ஆட்களுக்கு மெட்ரோ என்றால் முதல் அனுபவமே வெளிநாட்டில்தான்.

மெட்ரோ வரைபடத்தைக் கண்டவுடன் தலை சுற்றும். பல நிறத்தில் இடியப்பம் பிழிந்து விட்ட மாதிரி இருக்கும். அதை முழுதாக விளங்கிக்கொள்ளப் பார்க்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கோடு, அந்தக் கோட்டை ஏ9 வீதி என்று நினையுங்கள். வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று வரிசையாக ஊர் வருகிறது அல்லவா? பஸ்ஸில் போகிற ஆள் றோட்டு எந்தப் பக்கம் வளைகிறது, இடையில் எத்தனை கட்டை என்று பார்ப்பதில்லை. அடுத்தது என்ன ஊர், எந்தச் சந்தியில் இறங்கி முல்லைத்தீவு பஸ் பிடிப்பது, அவ்வளவுதான். லண்டன் மெட்ரோ வரைபடமும் இதே புத்தியில் போட்டதுதான். ஹாரி பெக் என்ற வரைஞர் 1931 இல் வரைந்து, 1933 இல் அச்சாகி வந்தது. உண்மையான தூரத்தையும் வளைவையும் விட்டுவிட்டு, நிலையங்களின் வரிசையையும் சந்திகளையும் மட்டும் காட்டினார். இன்றைக்கு உலகத்தில் பெரும்பாலான மெட்ரோக்கள் அந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன.

இதில் ஒரு பொறியும் உண்டு. படத்தில் தூரமாகத் தெரிவது நிலத்தில் பக்கத்தில் இருக்கும். லண்டனில் லெஸ்டர் ஸ்குவேருக்கும் கொவென்ட் கார்டனுக்கும் இடையில் ஏறத்தாழ 260 மீற்றர்தான். சந்தைக்குள் மரக்கறி பார்த்துக்கொண்டு நடக்கிற நடை. அதற்கு ரிக்கற் எடுத்து, கீழே இறங்கி, ரயிலேறி, திரும்ப மேலே வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் கொவென்ட் கார்டனில் லிப்டை விட்டுவிட்டுப் படியால் ஏறினால் 193 படி. அம்மாவின் முழங்காலுக்கு அது போதும், மிச்ச ஒரு மாதமும் கட்டிலில்தான்.

அடுத்தது திசை. ஏ9 இல் பஸ்ஸின் நெற்றியில் "யாழ்ப்பாணம்" என்று இருந்தால் வடக்கு, "வவுனியா" என்று இருந்தால் தெற்கு. மெட்ரோவிலும் கடைசி நிலையத்தின் பெயரைத்தான் போடுவார்கள். நீங்கள் இறங்கப்போகிற இடத்தின் பெயரைப் பலகையில் தேடி நின்றால் ரயில் போய்விடும். கோட்டின் இரண்டு முனைகளையும் பாடமாக்குங்கள், உங்கள் பக்கத்து முனை எது என்று தெரிந்தால் மேடை பிழைக்காது. லண்டனில் சில கோடுகள் கிளை பிரியும், அங்கேதான் கவனம். ஹைகேட்டில் இருக்கிற முருகன் கோயிலுக்குப் போகிறேன் என்று நான் வெளிக்கிட்ட கதை இது. நோர்தேர்ன் கோடு கேம்டன் டவுனில் இரண்டாகப் பிரியும். ஹை பார்னெட் போகிற கிளையில்தான் ஹைகேட் வரும். நான் பலகையைப் பார்க்காமல் வந்ததில் ஏறிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ரயில் நிலத்துக்கு மேலே வந்து வெளிச்சம் அடித்தது, பார்த்தால் கோல்டர்ஸ் கிரீன். அது எட்ஜ்வெயர் கிளை. அர்ச்சனைத் தட்டுக்கு வாங்கிய வாழைப்பழத்தில் ஒன்றை அந்த மேடையில் இருந்து சாப்பிட்டுவிட்டு, எதிர்ப்பக்க ரயிலில் கேம்டனுக்குத் திரும்பி வந்தேன். வாசலைத் தாண்டி வெளியே போகாதவரை இதற்குத் தனியாகக் காசு எடுக்க மாட்டார்கள். மெட்ரோவில் பிழையாகப் போவதால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

இப்போது சென்னை.

பலாலியில் இருந்து பிளேனில் போனால் விமான நிலையத்தோடு ஒட்டியே மெட்ரோ இருக்கிறது. உங்களுக்கு வேண்டியவை இரண்டு கோடுகள். நீலக்கோடு விமான நிலையத்தில் இருந்து விம்கோ நகர்வரை, பச்சைக்கோடு பரங்கிமலையில் இருந்து சென்ட்ரல்வரை. இரண்டும் ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும் சந்திக்கின்றன. ஆலந்தூர் எங்கள் பரந்தன் சந்தி மாதிரி, ஆனால் மேலும் கீழுமாக அடுக்கிய சந்தி. ஒரு கோட்டில் இறங்கி, நகரும் படியிலோ லிப்டிலோ மற்றத் தட்டுக்குப் போக வேண்டும்.

ரிக்கற் கவுண்டரில் காசு கொடுத்தே வாங்கலாம். 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும், சில்லறைத் தாள் வைத்திருங்கள். அங்கே எல்லோரும் போனைக் காட்டிக் காசு கட்டுவார்கள், அது எங்கள் போனில் வேலை செய்யவில்லை என்று மனம் நோக வேண்டாம். பையை ஸ்கானரில் போட வேண்டும். தாளில் இருக்கிற QR என்ற கட்டக் குறியை வாசல் கண்ணாடியில் காட்டினால் கதவு திறக்கும். முக்கியமானது, அந்தத் தாளை வெளியே வரும்போதும் காட்ட வேண்டும். வாங்கியவுடன் கசக்கி எறிகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. இறங்கி வாசலில் நின்று இடுப்பு மடிப்பெல்லாம் தேடுகிற அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

நகரும் படி, எங்கள் பக்கத்தில் ஏறிப் பழக வாய்ப்பில்லாத சாமான். அம்மா சேலை கட்டினால் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும். றப்பர் செருப்பின் நுனி பல்லுக்குள் போகாமல் மஞ்சள் கோட்டுக்குள் கால் வைக்க வேண்டும். நீங்கள் அம்மாவுக்கு ஒரு படி கீழே நில்லுங்கள், ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால். பயந்தால் லிப்ட், வெட்கம் ஒன்றும் இல்லை.

கதவைப் பற்றியும் ஒன்று. யாழ்தேவி கிளிநொச்சியில் நிற்கும்போது மாமா ஜன்னலால் மூட்டையைத் தள்ளி, இறங்கினவரிடம் சுகம் விசாரித்து, கடைசியில் ஓடிப்போய்த் தொற்றுவார். மெட்ரோவில் அரை நிமிடம்கூட நிற்காது, கதவு தானாக மூடும். ஒருவர் உள்ளே ஒருவர் வெளியே என்று பிரிந்துபோனால் என்ன செய்வது என்று வீட்டிலேயே பேசி வையுங்கள். ரயிலுக்குள் இருக்கிறவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே மேடையில் அசையாமல் நிற்பது, விடுபட்டவர் அடுத்த ரயிலில் வருவது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேடி எதிரெதிராக ஓடினால்தான் ஆபத்து. அம்மாவின் கைப்பையில் அண்ணாவின் நம்பரை எழுதி ஒரு துண்டு வையுங்கள்.

சென்னையில் என்ன பார்ப்பது? ஆட்கள் வழக்கமாக தி.நகருக்கு ஓடுவார்கள். போங்கள், சேலை எடுங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் ஒரு நாளை நீலக்கோட்டின் வடக்குப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து. காலை எட்டில் இருந்து பத்துவரை வேலைக்குப் போகிற கூட்டம், அதை விட்டுவிட்டு ஏறுங்கள். விமான நிலையப் பக்கம் ரயில் மேம்பாலத்தில் ஓடும். சின்னமலை தாண்டியதும் சைதாப்பேட்டையில் நிலத்துக்குள் போய்விடும். அண்ணா சாலை முழுவதும் உங்கள் தலைக்கு மேலேதான் இருக்கும், ஒன்றும் தெரியாது. மெட்ரோவின் குறை இதுதான். கீழே போகிற மெட்ரோ ஊரைக் காட்டாது, ஊரின் ஒரு வாசலில் கொண்டுபோய் விடும். இறங்கி நடந்தால்தான் ஊர்.

சென்ட்ரலில் இறங்கினால் 1913 இல் திறந்த வெள்ளை ரிப்பன் கட்டடம். அடுத்தது உயர்நீதிமன்றம், 1892 இல் கட்டிய சிவப்புக் கட்டடம், கோபுரமும் குவிமாடமுமாக. அங்கிருந்து தம்புச் செட்டித் தெருவுக்குள் நடந்தால் காளிகாம்பாள் கோயில். பிறகு மறுபடி ஏறி, திருவொற்றியூர் தேரடி. நிலையத்தின் பெயரே தேரடி. வெளியே வந்தால் கொஞ்சத் தூரத்தில் தியாகராஜர், வடிவுடையம்மன் கோயில். மன்னாரில் திருக்கேதீச்சரத்துக்குப் பதிகம் பாடிய சுந்தரர் சங்கிலியாரைக் கலியாணம் செய்தது இந்தக் கோயிலில்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டுப் பிரிந்துபோய்க் கண் பார்வை போனதும் இந்த ஊர்க் கதைதான். பாலாவிக்கரையில் நின்று அவருடைய பதிகத்தைப் பாடிப் பழகிய அம்மாவுக்கு இதைவிடப் பெரிய சுற்றுலா இடத்தை நான் சென்னையில் காட்ட முடியாது. பட்டினத்தார் சமாதியும் அதே ஊரில், கடற்கரைப் பக்கம்.

பச்சைக்கோட்டில் வடபழனி முருகன், கோயம்பேடு சந்தை, எழும்பூர் அருங்காட்சியகம். 1851 இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது, செப்புத் திருமேனிகளுக்காகவே போகலாம், வெள்ளிக்கிழமை பூட்டு. ஆலந்தூரில் இருந்து கோயம்பேடுவரை மேம்பாலம் என்பதால் ஜன்னல் சீற் பிடித்தால் மொட்டைமாடிகளும் துணி காயும் கொடிகளும் தெரியும். மயிலாப்பூருக்கு மெட்ரோ வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை தேனாம்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள், இல்லாவிட்டால் பறக்கும் ரயில் என்று சொல்கிற மேம்பால ரயிலில் ஏறித் திருமயிலை நிலையத்தில் இறங்குங்கள். சிதம்பரம், திருச்சி போகிற யோசனை இருந்தால் பழைய ஞாபகத்தில் கோயம்பேட்டுக்குப் போகாதீர்கள். தெற்கே போகிற அரசுப் பஸ்கள் கிளாம்பாக்கத்துக்கு மாறிவிட்டன.

லண்டனில் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. அண்ணாவின் வீடு ஈஸ்ட்ஹாமில், அது டிஸ்ட்ரிக்ட் கோட்டில், பச்சை நிறம். லண்டனில் உலகத்தின் முதல் நிலத்தடி ரயில் 1863 ஜனவரி 10 இல் ஓடியபோது நீராவி எஞ்சின்தான். புகை வெளியேற வேண்டும் என்பதால் ஆழமாகத் தோண்டவில்லை, வீதியை வெட்டி ரயில் பாதை போட்டு மேலே மூடிவிட்டார்கள். 1868 இல் தொடங்கிய டிஸ்ட்ரிக்டும் அந்த வகை. 1890 இல் மின்சார ரயில் வந்த பிறகுதான் ஆழத்துக்குக் குழாய் குடைந்தார்கள். இந்தப் பழங்கதை எதற்கு என்றால், பழைய கோட்டில் படி குறைவு, ஆழக்கோட்டில் படி கூட. முழங்கால் நோக்காரருக்குச் சரித்திரமும் உதவும்.

அந்த ஒரு கோட்டிலேயே மூன்று நாளைக்குப் பார்க்க இருக்கிறது. டவர் ஹில்லில் பழைய கோட்டை, 1894 இல் திறந்த டவர் பாலம். வெஸ்ட்மின்ஸ்டரில் படியேறி வெளியே வந்த அந்த நிமிடமே பெரிய மணிக்கூடு தலைக்கு நேரே நிற்கும், எனக்கு இன்றைக்கும் அந்த இடம் சிலிர்க்கும். சவுத் கென்சிங்டனில் மூன்று பெரிய அருங்காட்சியகங்கள், உள்ளே போக இலவசம், நிலையத்தில் இருந்து மழை படாமல் சுரங்கப் பாதையாலேயே போகலாம். டைனசோர் எலும்புக்கூடுகளைப் பார்த்து அம்மா "இதென்ன மாட்டெலும்பே?" என்று கேட்பா, பொறுமையாக இருங்கள். வழியில் டெம்பிள் என்று ஒரு நிலையம் வரும். கோயில் என்று இறங்கிவிடாதீர்கள், அது பழைய கிறிஸ்தவ வீரர் சபையின் பெயரால் வந்தது.

அதே கோட்டில் எம்பேங்க்மென்ட் என்று ஒரு நிலையம். அங்கே இறங்கி, வடக்கே போகிற நோர்தேர்ன் மேடைக்குக் கீழே போனால் "மைண்ட் த கேப்", அதாவது இடைவெளியைக் கவனியுங்கள் என்று ஒரு ஆணின் குரல் கேட்கும். பழைய ஒலிப்பதிவு. குரலுக்குச் சொந்தக்காரரான நடிகர் 2007 இல் இறந்துவிட்டார். அவருடைய மனைவி அந்த மேடைக்கு வந்து, ரயிலை விட்டுவிட்டு, குரலைக் கேட்டுக்கொண்டு இருப்பாராம். 2012 இல் புதிய குரலுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மனைவி போய்ப் பழைய குரலைத் தரச் சொல்லிக் கேட்டார். அடுத்த வருடம் அந்த ஒரு மேடைக்கு மட்டும் பழைய குரலைத் திரும்பப் போட்டார்கள். நான் அங்கே மூன்று ரயிலை விட்டேன்.

காசு விஷயம். அண்ணாவிடம் சொல்லி, காசு போட்டு வைத்து வாசலில் தட்டிப் போகிற ஒய்ஸ்டர் கார்ட் ஆளுக்கொன்று எடுங்கள். எங்கள் வங்கிக் கார்டிலும் தட்டலாம், ஆனால் வெளிநாட்டுக் கட்டணம் சேரும். ஒரு நாளில் எத்தனை தடவை ஏறினாலும் ஒரு எல்லைக்கு மேல் கழிக்க மாட்டார்கள். உள்ளே போகும்போது தட்டிய அதே கார்ட்டை வெளியே வரும்போதும் தட்ட வேண்டும், மறந்தால் கூடிய கட்டணம் விழும். ஒரே கார்ட்டில் இரண்டு பேர் போக ஏலாது. காலை ஒன்பதரைக்குப் பிறகு வெளிக்கிட்டால் கட்டணமும் குறையும், இருக்க இடமும் கிடைக்கும். நகரும் படியில் வலப்பக்கம் நில்லுங்கள், இடப்பக்கம் ஓடுகிறவர்களுக்கு. பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்கள், அதே கார்ட்தான். படியில்லாமல் போகக்கூடிய நிலையங்களுக்கென்று தனி வரைபடம் இருக்கிறது, அதைப் போனில் இறக்கி வையுங்கள். டவர் ஹில்லிலும் வெஸ்ட்மின்ஸ்டரிலும் லிப்ட் உண்டு.

பாரிஸில் நிலைமை வேறு. 1900 இல் தொடங்கிய மெட்ரோ, நிலையங்கள் நெருக்கமாக இருக்கின்றன, ஆனால் லிப்ட் இல்லாத நிலையங்களே கூட. 14 ஆம் கோடு புதியது, அதில் பிரச்சினை இல்லை. மற்றபடி அம்மாவோடு என்றால் பஸ் நல்லது. ஒரே ஒரு மெட்ரோப் பயணம் மட்டும் படியைச் சகித்துக்கொண்டு போகலாம். லா சப்பலில் தமிழ்க்கடைகளைப் பார்த்து, கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு, 2 ஆம் கோட்டில் போர்த் தோபின் போகிற ரயிலில் ஏறி எத்துவாலில் இறங்குங்கள், வெற்றி வளைவு அங்கே. பிறகு 6 ஆம் கோட்டில் நாசியோன் பக்கமாக. பாசி நிலையம் தாண்டி ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது இடப்பக்க ஜன்னலில் ஈபிள் கோபுரம் முழுதாக நிற்கும். சில விநாடிதான். அடுத்த நிலையம் பிர்-ஹக்கீம், அங்கே இறங்கி நடந்து போகலாம். ஏறும்போதே இடப்பக்கம் பிடியுங்கள், வலப்பக்கம் இருந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். ரிக்கற்றோ கார்ட்டோ, வெளியே வரும்வரை கையில் வைத்திருங்கள், இடையில் பரிசோதகர் நிற்பார். கைப்பையை முன்னால் போடுங்கள், கூட்டத்தில் பொக்கற் அடிக்கிறவர்கள் உண்டு. ஓகஸ்ட் கடைசியில் போகிறீர்கள் என்றால் மாணிக்க விநாயகர் தேர் எப்போது என்று மாமியிடம் கேளுங்கள், அன்றைக்கு லா சப்பல் வீதியெல்லாம் தேங்காய்த் தண்ணிதான்.

ஒரு நாளைக்கு ஒரு கோடு, மூன்று இறக்கம், அதற்கு மேல் வேண்டாம். முறிகண்டியில் பஸ் நின்றால் இறங்கித் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி, கால் நீட்டிவிட்டுத்தானே ஏறுகிறோம். அப்படியே செய்யுங்கள். ஒவ்வொரு இறக்கத்திலும் அம்மா ஒரு மணித்தியாலமாவது எங்கேயாவது இருக்க வேண்டும். போத்தலில் தண்ணி, சின்னப் பெட்டியில் எள்ளுருண்டை.

அண்ணாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். அவருக்குக் கிடைக்கிற முதல் ஞாயிற்றுக்கிழமை, காரை வீட்டில் விட்டுவிட்டு உங்களோடு ஒருதரம் ஈஸ்ட்ஹாமில் இருந்து சவுத் கென்சிங்டன்வரை வரட்டும். போகும்போது அவர் வழி காட்டட்டும். திரும்பும்போது வாய் திறக்கக்கூடாது, நீங்கள்தான் மேடை பார்த்து, பலகை பார்த்து, அம்மாவையும் அவரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு நீங்கள் இரண்டு பேரும் டவர் ஹில் போங்கள்.